கழற்றாத கொடி

1

கங்காருவைப் பற்றி எழுதச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார். மெல்பேர்னுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. கங்காருவை நான் பார்த்ததெல்லாம் பிஸ்கற் தகரப் பேணியின் மேலேதான். ஆகவே அவர் என்னை மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததைத்தான் நான் எழுத முடியும், எனக்குத் தெரிந்தது இந்த ஒரு மாதத்துக்குள் நடந்தது. அதில் தங்கம் வருகிறது, ஒரு செத்தவீடு வருகிறது, என் மகள் வருகிறாள். சிரிக்க விரும்புகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக் குறுக்கெழுத்துப் போட்டிக்குப் போய்விடலாம், நான் கோபிக்க மாட்டேன்.

ஊரில் நான் இரசாயன ஆசிரியர். இங்கே ஓர் அருங்காட்சியகத்தின் களஞ்சியத்தில் வேலை. என் பட்டம் செல்லுமா செல்லாதா என்று ஓர் அரசாங்கக் கந்தோர் இன்னொரு கந்தோரைக் கேட்டு, அது மூன்றாவது கந்தோரைக் கேட்டு, பதில் வருவதற்குள் நான் பெட்டி தூக்கப் பழகிவிட்டேன். குறை சொல்லவில்லை. பெட்டிகளுக்குள் இருப்பவை நல்ல சாமான்கள். பஞ்சடைத்த பறவைகள், ஓடாத மணிக்கூடுகள், யாரோ ஒரு சீமாட்டியின் குடை. நான் ஒன்று சொன்னால் அவை "பார்டன்?" என்று திருப்பிக் கேட்பதில்லை.

என் மனைவி சரஸ்வதி இறந்து இந்த ஆவணியோடு இரண்டு வருடம். சரசு என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்கு ஒரே மகள், மைதிலி. வயது பதினாலு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'மே' என்று பெயர். முழுப்பெயரைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லையாம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வெளியில் நின்று கேட்பவன் இந்த வீட்டில் இரண்டு வானொலிப் பெட்டிகள் வெவ்வேறு நிலையத்தில் பாடுகின்றன என்றுதான் நினைப்பான்.

அவளுடைய தமிழ் முற்றாகப் போய்விடக் கூடாது என்று நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். சரசுவின் தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து போடும் நீலக் கடிதத்தை ஞாயிறு காலையில் மைதிலிதான் உரத்து வாசிக்க வேண்டும். குசினியில் நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்க, அவள் கதிரையில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவாள். போன மாதம் வந்த கடிதத்தில் இப்படி இருந்தது.

"அக்காவின் தா... லி... தாலிக்கொடி பத்... பத்தி..."

"பத்திரமாக," என்றேன்.

"பத்திரமாக இருக்கிறதா அத்தான்? பிள்ளையும் வளர்ந்துவிட்டாள். நாளைக்கு அதை அழித்துத்தான் அவளுக்குச் செய்ய வேணும். வாட்ஸ் 'அழித்து', அப்பா?"

"உருக்கிறது. உருக்கிப் புதுசாச் செய்யிறது."

"நோ வே," என்றாள். கடிதத்தை மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள், "அது எங்க இருக்கு அப்பா? நான் ஒருக்காப் பார்க்கட்டே?"

தமிழில் கேட்டாள். அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

"பாங்கில. லொக்கரில."

"சனிக்கிழமை போவமே?"

"சனிக்கிழமை பாங்க் பூட்டு."

"அப்ப ஹொலிடே வரும்தானே. முதல் திங்கட்கிழமை. நீங்கள் லீவு எடுங்கோ."

"சரி, போவம்," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பார்த்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இரண்டு வருடம் நின்று பிடித்தது. இனி நாலு கிழமை, ஒரே ஒரு மாதம்தான் அதற்கு ஆயுள். எனக்கு எந்த வங்கியிலும் லொக்கர் இல்லை. சரசுவின் கொடியும் என்னிடம் இல்லை.

2

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சரசு ஆசுபத்திரியில் பதினொரு நாள் இருந்தாள். பிறகு இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

ஊரில் செத்தவீடு என்றால் நாம் ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை. நாலு பெரியவர்கள் வந்து, இதை எடு, அதை வை, நீ இங்கே நில் என்று சொல்லிக்கொண்டேயிருப்பார்கள். அழுவது ஒன்றுதான் நமக்கு வேலை. இங்கே அப்படியில்லை. பிரேதத்தைப் பொறுப்பெடுத்தவர்கள் எனக்கு ஒரு கடதாசி தந்தார்கள். அதில் கேள்விகள். சமயம் என்ன, பூ வேண்டுமா, இசை வேண்டுமா, பிரேதத்தில் நகை ஏதும் உண்டா, உண்டென்றால் கழற்ற வேண்டுமா. அந்தக் கடைசிக் கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நாங்களே கழற்றிவிடுவோம், அவர்களுக்கு ஏன் அந்தக் கதை என்று அப்போது நினைத்தேன்.

அப்போது எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவர்களில் யோகம் அக்கா என்று ஒருவர். பிரேதத்துக்குச் சேலை உடுத்த வந்தவர் அவர்தான். கூறைச்சேலை உடுத்தி, பொட்டு வைத்து, தலை வாரி, எல்லாம் முடித்து அறைக்கு வெளியே வந்து என் காதுக்குள் கேட்டார்.

"தம்பி, கொடியைக் கழட்டட்டே? பெட்டி மூடப் போறாங்கள்."

எங்கள் பகுதியில் அப்படித்தான். சுடலைக்குக் கொண்டுபோக முன் தங்கத்தைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். மகள் இருந்தால் அது மகளுக்கு. இதில் தவறென்று சொல்ல ஒன்றுமில்லை. உயிரோடிருப்பவர்கள் வாழத்தானே வேண்டும்.

"நான் கழட்டுறன் அக்கா," என்றேன்.

"ஆம்பிளையள் செய்யிறேல்லை..." என்று இழுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இஞ்ச ஆர் கேட்கப் போயினம். நீ பூட்டினது, நீயே கழட்டு," என்று வெளியில் நின்றுகொண்டார்.

உள்ளே போனேன். கழற்றவில்லை. கொடியை அவளுடைய சட்டைக்குள்ளே விட்டு, மேலே சேலையை இழுத்து மூடினேன். வெறுங்கையைக் காற்சட்டைப் பைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, ஏதோ கொண்டுவருகிறவன் போல வெளியே வந்தேன். யோகம் அக்கா அந்தக் கையைப் பார்த்துத் தலையாட்டினார். என் வாழ்க்கையில் நான் நடித்த ஒரே நாடகம் அது. ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால், செய்துவிட்டேன் என்பதுதான் பதில். அவளுடைய உடம்பில் எஞ்சியிருந்த ஒன்றையும் உரிக்க எனக்கு மனம் வரவில்லை. தங்கம் உருகுவது ஆயிரத்து அறுபத்து மூன்று பாகை சென்ரிகிறேட்டில் என்று கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதியவன் நான். செம்பு கலந்தால் அது இன்னும் குறையும் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவளை எரித்த அந்த அடுப்பு எத்தனை பாகைக்குப் போகும் என்று யாரிடம் போய்க் கேட்பது? சாம்பலைக் கடலில் கரைக்கிற அன்று விரலால் அளைந்து பார்த்தேன். மஞ்சளாக ஒன்றும் இல்லை.

சரசுவின் தங்கை இதை வாசிப்பாள். வாசிக்கட்டும். எனக்கு இனி ஒளிக்கத் தெம்பில்லை.

3

அந்த நாலு கிழமைக்கு நடுவில்தான் தங்கம் வந்தது.

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்றொரு நாடு. ஸ்பானியர் கப்பலில் போய் இறங்குவதற்கு முந்திய காலத்தில் அங்கே இருந்த சனங்கள் செய்த பொன் வேலைகள், ஒரு கண்காட்சிக்காகப் பெட்டி பெட்டியாக எங்கள் களஞ்சியத்துக்கு வந்து இறங்கின. பெட்டி வந்த உடனே திறக்கக் கூடாது. எங்கள் அறையின் காற்றுக்குப் பழகட்டும் என்று ஒரு நாள் முழுக்க அப்படியே விடவேண்டும். எனக்கு மெல்பேர்ன் காற்றுப் பழக அப்படி ஒரு நாளை யாரும் தரவில்லை, அது வேறு கதை.

தங்கத்தோடு கூடவே பொகோட்டாவிலிருந்து ஒரு பெண்மணியும் வந்தார். பெயர் இனெஸ். ஐம்பது வயதிருக்கும், குள்ளம், குளிருக்கு இரண்டு சுவெற்றர். ஒவ்வொரு பொருளையும் அவர் முன்னால்தான் வெளியே எடுக்க வேண்டும். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்து, இந்த இடத்தில் கீறல், இந்த இடத்தில் வெடிப்பு என்று சொல்ல, எங்கள் மேற்பார்வையாளர் கெவின் ஒரு தாளில் எழுதிக்கொள்வார். இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள். திரும்பிப் போகும்போதும் இதே சடங்கு. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பஞ்சுத் தட்டிலிருந்து பொருளை எடுத்துக் கறுப்புத் துணியில் வைப்பது என் வேலை.

நெஞ்சுப் பதக்கங்கள், மூக்கில் மாட்டும் வளையங்கள், வௌவால் முகம் கொண்ட மனிதர்கள், சுண்ணாம்பு வைத்திருக்கும் குடுவை. அந்தச் சுண்ணாம்பு ஏதோ இலையோடு சேர்த்து மெல்வதற்காம். அதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சனங்கள் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. வெற்றிலை போடுகிற கூட்டம்தானே நாங்களும்!

ஆனால் புத்தி எங்கே போகும்? யாழ்ப்பாணத்துப் புத்தி. முதலாவது பதக்கத்தைத் தூக்கிய உடனே கை தானாக நிறுத்துப் பார்த்தது. இது எத்தனை பவுண் தேறும்? இரண்டாவதின் ஓரத்தில் ஒரு சிவப்பைக் கண்டதும் வாயும் திறந்துவிட்டது.

"மேடம், இதில செம்பு கலந்திருக்கு," என்றேன், களவு பிடித்தவன் போல. தட்டான் தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று பழமொழி கட்டி வைத்த ஊர்க்காரன் வேறு எப்படிப் பேசுவான்?

இனெஸுக்கும் எனக்கும் ஆங்கிலம் இரவல் பாஷைதான். அதனால் இரண்டு பேரும் அவசரமில்லாமல் ஆறுதலாகப் பேசினோம், நன்றாகவே விளங்கியது. அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கலந்திருக்கிறது இல்லை, கலந்தார்கள். வேண்டுமென்றே. அவர்களுக்குச் செம்பின் சிவப்புப் பிடிக்கும், அதன் மணமும் பிடிக்கும். முதலில் தேன்மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசிச் சுடுவார்கள். மெழுகு ஓடிவிடும், அந்த இடத்தில் உருகிய பொன்னை ஊற்றுவார்கள். பிறகு திரும்பத் திரும்பச் சூடாக்கி, இலைச்சாற்றில் போட்டு மேலேயுள்ள செம்பைக் கழுவிவிடுவார்கள். அப்போது பொன் மட்டும் மேலே நிற்கும்."

அமிலத்தால் செம்பை அரித்து எடுக்கிற வித்தையைப் பரிசோதனைக் கூடத்தில் சொல்லிக் கொடுத்தவன் நான். அதை இலைச்சாற்றால் செய்திருக்கிறார்கள், எழுத்தே இல்லாத ஒரு கூட்டம்! அதற்குப் பிறகு நான் பவுண் கணக்குப் பார்க்கவில்லை. சரி, குறைவாகப் பார்த்தேன்.

4

நாலாம் நாள் ஒரு சின்னத் தட்டு வந்தது. அதில் விரல் நீளத்துக்குத் தகட்டு மனிதர்கள். முயிஸ்கா என்ற சனங்கள் செய்தவை. மற்றப் பொருட்களுக்கு இருந்த மினுக்கம் இவற்றுக்கு இல்லை. ஓரமெல்லாம் பிசிறு. வார்த்தபோது வழிந்த பொன் வழிந்தபடியே காய்ந்திருந்தது. கண்ணும் வாயும் கம்பி ஒட்டியது போல. பழகாத கை செய்தது என்று நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

அது ஒரு பெண். கையில் பிள்ளை. கழுத்தைச் சுற்றிக் கம்பி போல மெல்லிய ஒரு மாலை.

அடுத்து நடந்ததற்கு என் மூளையிடம் அனுமதி கேட்கப்படவில்லை. கோயிலில் விபூதித் தட்டைத் தொட்டால், கால் தவறிப் புத்தகத்தில் பட்டால், புது நகையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் எங்கள் கை என்ன செய்யும்? அதைச் செய்தது. அந்தப் பொன் பெண்ணை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு கண்ணில் ஒற்றி, மற்றக் கண்ணிலும் ஒற்றினேன்.

"ஜீஸஸ் கிறைஸ்ற்!" என்று கெவின் கத்தினார். பாவம், நான் அதைக் கடிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

இனெஸ் கத்தவில்லை. கிட்ட வந்து, என் கையிலிருந்து அதை வாங்கி, பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் வளையவில்லை, ஒன்றும் உடையவில்லை என்றார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. கெவின் எழுத வேண்டும். அந்தத் தாளில் விழுந்தது, கீறியது, நனைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பெட்டி இருந்தது. மனிசன் கண்ணில் ஒற்றினான் என்பதற்குப் பெட்டி இல்லை. பேனையைக் கடித்து யோசித்துவிட்டு, 'வேறு' என்ற இடத்தில், 'ஊழியர் பொருளை முகத்துக்குக் கொண்டுபோனார்' என்று எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். இங்கே வந்து நான் கையெழுத்து வைத்த கடதாசிகளில் உண்மை மட்டும் இருந்தது அது ஒன்றுதான்.

வேலை போகவில்லை. கண்காட்சி முடியும்வரை பொருட்களுக்குக் கிட்ட வராமல், வருகிறவர்களின் கோட்டும் குடையும் வாங்கி வைக்கும் மேசையில் இருக்கச் சொன்னார்கள். கெவின் வந்து, "நோ ஹார்ட் ஃபீலிங்ஸ், மேற்," என்று முதுகில் தட்டினார். நல்ல மனிசன்.

5

அன்று பின்னேரம் தேநீர் அறையில் இனெஸ் என் எதிரே வந்து அமர்ந்தார்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

"பொன் எங்களுக்குச் சாமி. கண்ணில் ஒற்றுவோம்."

"மற்றவற்றை ஒற்றவில்லையே. அவை இன்னும் வடிவு."

"இது ஏன் இவ்வளவு பிசிறு? செய்தவனுக்கு வேலை தெரியாதா?" என்று கதையை மாற்றினேன்.

"தெரியும். வேண்டிய மினுக்கம் கொடுக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் இது போடுவதற்குச் செய்ததில்லை, கொடுப்பதற்குச் செய்தது. நேர்த்தி வைத்து, பானைக்குள் இட்டுப் புதைப்பார்கள். குகையில் வைப்பார்கள். எங்கள் மலையில் குவாத்தவீத்தா என்று ஓர் ஏரி இருக்கிறது, அதில் போடுவார்கள். யாரும் பார்க்கப் போவதில்லை. பிறகு யாருக்காக மினுக்குவது?"

"பிறகு இது எப்படி வெளியே வந்தது?"

"பின்னால் வந்தவர்கள் ஏரியின் கரையையே வெட்டித் தண்ணீரை இறைத்தார்கள். பிரேதக்குழிகளைத் தோண்டினார்கள். இன்றைக்கும் தோண்டுகிறார்கள். நான் இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். நாங்கள் கண்ணாடிக்குள் வைத்திருப்பதில் பாதி, போனவர்களோடு போகட்டும் என்று யாரோ விட்டது."

போனவர்களோடு போகட்டும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இரண்டு வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை, யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத அந்த மனுஷியிடம் சொன்னேன். கூறைச்சேலை, கடதாசி, பொத்திய கை, லொக்கர், எல்லாம். தாலிக்கொடி என்பதை விளக்கத்தான் கொஞ்சம் பாடுபட்டேன்.

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"உங்கள் மகளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவாள்," என்றேன். சொன்ன பிறகுதான் என் பயம் என்னவென்று எனக்கே விளங்கியது. நகை போன கவலை எனக்கு இல்லை. ஏற்கெனவே இங்கிலிஷுக்குப் போய்க்கொண்டிருக்கிற பிள்ளை. என்னிடம் அவள் தமிழில் கேட்ட ஒரே ஒரு விஷயம் அந்தக் கொடி. அதிலும் அப்பன் பொய்க்காரன் என்று தெரிந்தால் அவளுக்கு இந்த வீட்டில் வேறு என்ன பிடி இருக்கிறது?

இனெஸ் கோப்பையைக் கழுவி வைத்தார். "அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பொன் பெண்ணைக் காட்டுங்கள்," என்றார்.

6

விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை மைதிலி வந்தாள். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ரிக்கற் தேவையில்லை. என் மேசையில் கோட்டைத் தந்துவிட்டு, வேறு யாரோ போல, "தாங்க் யூ, சேர்," என்று கண்ணடித்தாள். இப்படிப் பகிடி விடுகிறபோது தாயை உரித்து வைத்ததுதான். எனக்கு அரை மணித்தியால இடைவேளை கிடைத்தது, நானும் உள்ளே போனேன்.

பெரிய பதக்கங்களுக்கு முன்னால் சனம் மூன்று வரிசையில் நின்றது. தகட்டு மனிதர்களின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவள் மட்டும்தான். எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தாள்.

"யாருமே வைத்துக்கொள்ளவில்லை, அப்பா. சும்மா கொடுத்துவிட்டார்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை பாங்க் பத்து மணிக்குத்தானே திறக்கும்?" என்றாள்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "வா, வெளியில போவம்," என்று கூட்டிக்கொண்டு போனேன்.

ட்ராம் நிறுத்தத்து மர வாங்கில் உட்கார்ந்தோம். காற்று எலும்பைத் துளைத்தது. அவளுடைய கோட்டை எடுத்துவர மறந்துபோனேன், என்னுடையதைக் கழற்றிப் போர்த்தினேன்.

"மைதிலி, திங்கட்கிழமை போகத் தேவையில்லை. கொடி பாங்கில இல்லை."

"சின்னம்மாவுக்கு அனுப்பிட்டீங்களா?"

"இல்லை. அது அம்மாவோட போயிட்டுது. நான் கழட்டேல்லை. கழட்டினன் எண்டு எல்லாருக்கும் பொய் சொன்னனான். உனக்கும் சொன்னனான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு ட்ராம் வந்து நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது.

"அம்மா போட்டிருந்தவவா? முழு நேரமும்?"

"ஓம். சேலைக்குள்ள."

"குட்," என்றாள். மூச்சை விட்டாள். "குட்."

முருகா, இவ்வளவுதானா! இதற்காகவா இரண்டு வருடம் செத்துச் செத்துப் பிழைத்தேன்! அவளைக் கட்டிப்பிடிக்கக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் அவள் அழுகிறாள் என்று கண்டேன்.

"எனக்கு அந்தக் கோல்ட் வேண்டாம் அப்பா," என்றாள். அரைவாசி ஆங்கிலம், அரைவாசி தமிழ். "சின்னனில நித்திரை கொள்ளேக்க அதைத்தான் பிடிச்சுக்கொண்டு படுக்கிறனான். எனக்கு அம்மான்ர முகம் இப்ப வருகுதில்லை. ஃபோட்டோவில இருக்கிறது ஃபோட்டோ முகம். அதைக் கையில பிடிச்சா வரும் எண்டு நினைச்சனான்."

அவளுடைய தோளிலிருந்து நழுவிய கோட்டை இழுத்து விட்டேன்.

"செத்தவீட்டண்டைக்கு என்னை நெக்ஸ்ட் டோர் அன்ரியிட்ட விட்டீங்கள். அவ எனக்கு ஸ்கோன் சுடப் பழக்கினவ. நீங்கள் உள்ளுக்குப் போனீங்கள், யோகம் அன்ரி போனவ. நான் ஸ்கோன் சுட்டுப் பேணியில போட்டுக்கொண்டு வீட்டை வந்தனான். எல்லாம் முடிஞ்சுது. ஏன் அப்பா என்னை உள்ளுக்கு விடேல்லை?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பயந்துவிடும் என்று நினைத்தேன். கெட்ட கனவு காணும் என்று நினைத்தேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். இந்த இரண்டு வருடத்தில் கொடியைப் பற்றி நான் படாத பாடு இல்லை. ஆனால் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டதைப் பற்றி ஒரு நாள், ஒரு நிமிடம்கூட நான் யோசித்ததில்லை. அது சரியென்றே என் மனதில் எழுதிப் பூட்டி வைத்திருந்தேன்.

"நீங்கள் பார்த்தீங்கள்தானே," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "சொல்லுங்கோ. அம்மான்ர முகம் எப்பிடி இருந்தது?"

நித்திரை கொள்கிற மாதிரி இருந்தது என்று சொல்வதுதான் உலக வழக்கம். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கும் அது வாய்வரை வந்தது. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தபோது, நான் என்ன சொல்கிறேனோ அதைத்தான் இனி ஆயுள் முழுக்கத் தாயின் முகமென்று வைத்திருக்கப் போகிறாள் என்று விளங்கியது. அந்த அறையில் கால் மணித்தியாலம் தனியே நின்றவன் நான். கழற்றுவதா விடுவதா, யோகம் அக்காவுக்கு என்ன சொல்வது, ஊருக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். கொடியின் பூட்டில் ஒரு சின்ன நெளிவு இருந்தது, அதில் ஒரு தலைமயிர் சிக்கியிருந்தது. அதெல்லாம் இன்றும் சொல்வேன்.

"நான் பார்க்கேல்லை, பிள்ளை," என்றேன். "கொடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றனான்."